சலுகை யாருக்கு?

கண் தெரியாதவர் மீதும் நடக்க இயலாத முதியவர் மீதும் ஜும்ஆ கடமையில்லை என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லிவிட்டுக் குளித்து, அத்தர் பூசிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுகிறோம். வாப்பா மட்டும் வீட்டு மூலையில் பாங்கு சப்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறார். மார்க்கம் கொடுத்த சலுகை அவருக்கா, நமக்கா?

கிதாபுகளைத் திறந்து பார்ப்போம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (வஃபாத்து ஹிஜ்ரி 676) தமது ‘மின்ஹாஜ்’ நூலில், தள்ளாத முதியவருக்கும் நோயால் முடங்கியவருக்கும் ஏறிச் செல்ல வாகனம் கிடைத்து, அதில் செல்வது சிரமமாகவும் இல்லையென்றால் ஜும்ஆ கடமையே என்கிறார்கள். வழிகாட்டி கிடைத்த கண் தெரியாதவருக்கும் அவ்வாறே. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வழிகாட்டி இருந்தாலும் கடமையில்லை என்றார்கள். ஆனால் அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் வழிகாட்டி கிடைத்தால் கடமைதான் என்றார்கள்.

கவனியுங்கள். இந்தச் சட்டத்தில் பார்க்கப்படுவது கண்ணும் காலும் மட்டுமல்ல. கைபிடித்து அழைத்துப் போக ஆள் உண்டா என்பதுமாகும். அந்த ஆள் வானத்திலிருந்தா இறங்கி வரவேண்டும்? பக்கத்து வீட்டில்தானே இருக்கிறார்!

கண் பார்வையற்ற ஸஹாபியான இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், அழைத்து வர ஆளில்லை என்று சொல்லி வீட்டிலேயே தொழ அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் முதலில் அனுமதித்து, பிறகு திரும்ப அழைத்து, பாங்கு கேட்கிறதா என்று வினவி, கேட்டால் வந்துவிடும்படி கூறியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இதை வைத்துக் கண் தெரியாதவர்மீது கண்டிப்புக் காட்டச் சிலருக்கு ஆசை வரும். அவர்கள் இன்னொரு ஹதீஸையும் படிக்க வேண்டும். அதே ஸஹாபி மதீனாவில் ஸுபுஹுக்குப் பாங்கு சொன்னவர்கள். விடிந்துவிட்டது என்று மக்கள் சொல்லும்வரை அவர்கள் பாங்கு சொல்லமாட்டார்கள் என்று புகாரீயில் வருகிறது. வெளுப்பைப் பார்க்க அவர்களுக்குக் கண் இல்லை. ஊரார் பார்த்துச் சொன்னார்கள். யாரோ சொன்ன ஒரு வார்த்தையில் ஊருக்கே ஒரு முஅத்தின் கிடைத்தார்.

பின்னாளில் உமையாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி ஹிஜ்ரி 86–96) கண் தெரியாதவருக்கு வழிகாட்டியும் முடங்கியவருக்குப் பணியாளும் நியமித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்த ஆட்சியில் குறை சொல்ல எவ்வளவோ உண்டு. இது மட்டும் நிறைதான்.

நம் மஹல்லாக்களிலும் ரமளானில் இவர்கள் வீட்டுக்கு அரிசியும் ஜகாத்தும் போய்ச் சேருகின்றன. அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அரிசி கொண்டு போகிறவர், “வெள்ளிக்கிழமை வருகிறீர்களா, நான் கூட்டிப் போகிறேன்” என்று கேட்பதுண்டா? “வேண்டாம் தம்பி, உட்கார்ந்து எழ முடியவில்லை” என்று அந்தப் பெரியவர் சொன்னால் அது அவருக்கு அல்லாஹ் தந்த சலுகை. வற்புறுத்த யாருக்கும் உரிமையில்லை. கேட்காமலேயே அவர் சார்பில் நாம் சொல்லிக்கொள்வதற்கு எந்தக் கிதாபில் இடமிருக்கிறது?

வயதான உம்மாமார் விஷயம் தனி. அவர்கள்மீது ஜும்ஆ இல்லை. ஆனால் பெண்கள் பயானுக்கும் உறவினர் வீட்டுக்கும் அவர்களையும் கூட்டிப் போகலாமே.

ஜமாஅத் நிர்வாகிகள் இதைப் பெரிய திட்டமாக எண்ணி மலைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஓர் ஆட்டோ, இரண்டு வாலிபர்கள். படியோரம் பிடித்து ஏற ஒரு கம்பி. ஹவ்ளுக்கு அருகே உட்கார்ந்து ஒளுச் செய்ய ஒரு நாற்காலி. இதற்குச் சந்தா வசூல்கூடத் தேவைப்படாது.