கைக்கு இடமில்லை

ஒரு போல்ட்டின் மீது மனிதனுக்குக் கோபம் வரலாமா? வருகிறது. எங்கள் வீட்டு முன்றிலில் காரை நிறுத்தினால் மதிலுக்கும் காருக்கும் இடையே ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நுழையலாம். பொனட்டைத் திறந்தால் உள்ளேயும் அதே கதை. ஸ்பெனர் எட்டும், திருப்ப இடமில்லை. பேன் பெல்ட் மாற்றும் அரைமணி நேர வேலைக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போய்விடும். முழங்கைத் தோல் வேறு.

இந்தக் கோபத்தை யாரிடம் சேர்ப்பது? இரும்பு பொறுப்பாளி அல்ல. வடிவமைத்தவரிடமா? அப்படியானால் ஒருவரை எடுத்துப் பார்ப்போம். 1948இல் வந்த மொரிஸ் மைனரையும் 1959இல் வந்த மினியையும் வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ் என்ற ஒரே மனிதர்தான். மைனரின் பொனட்டுக்குள் இரண்டு கைகளையும் தாராளமாக விடலாம். நம் நாட்டில் அது நெடுங்காலம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். ஆனால் அந்த இடம் நமக்காக விடப்பட்டதல்ல. அகலமான வேறோர் எஞ்சினை மனதில் வைத்து வரைந்து, கடைசியில் ஒடுங்கிய பழைய எஞ்சினைப் பொருத்தியதால் மிஞ்சிய இடம்.

மினி அப்படியல்ல. 1956ஆம் ஆண்டு சுயஸ் நெருக்கடியில் பெற்றோல் தட்டுப்பட்ட பின், 10 அடிக் காருக்குள் நான்கு பேரை உட்காரவைக்க வேண்டியிருந்தது. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பினார். கியர்பொக்ஸை அதன் அடியில் வைத்தார். ரேடியேட்டரைப் பக்கத்தில் செருகினார். தரைப்பரப்பில் 80 சதவீதம் பயணிகளுக்கும் பொதிகளுக்கும் கிடைத்தது. விசிறியின் ஒவ்வொரு தகட்டையும் தாண்டிப் பெல்ட்டை நுழைக்கும் சிரமம் பழுதுபார்ப்பவனுக்குக் கிடைத்தது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்காகத்தான் இருக்கிறது.

ஆக, உபகாரம் செய்த காருக்குப் பின்னால் அந்த எண்ணமே இருக்கவில்லை. உபத்திரவம் தந்த காரோ நல்லெண்ணத்தில் பிறந்தது. எண்ணத்தை வைத்துச் செயலை அளக்கப் பழகிய நமக்கு இது சங்கடமான கணக்கு. மினியின் பக்கமும் நியாயம் உண்டு: நான்கு பேர் நாள்தோறும் உட்காருகிறார்கள், பெல்ட் எப்போதோ ஒருமுறைதான் அறுகிறது. ஆனாலும் பெல்ட் தேயும் என்பது செய்தவருக்குத் தெரியும். தேயும் பொருளைத் தேடி ஒரு கை வரும் என்பதும் தெரியும். தெரிந்தும் அந்தக் கையைக் கணக்கில் எடுக்காததை, பயணிக்குக் காட்டிய கருணை ஈடுசெய்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தக் கை யாருடையது என்பதும் இருக்கிறது. வீட்டில் நான் இழப்பது ஒரு பின்னேரம், அவ்வளவுதான். கராஜில் பாஸின் கை நுழையாத இடத்துக்கு, "தம்பி, நீ விட்டுப் பார்" என்று வேலை பழக வந்த பையனைக் கூப்பிடுவார்கள். எஞ்சின் சூடு ஆறியிருக்காது. கார்க்காரருக்கு அவசரம். பையன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணால் பார்க்காமலே விரல் நுனியால் போல்ட்டைத் தேடுவான்.