திறமை ஒரு கடனா?

குத்துச்சண்டை பற்றி எழுதுகிறவர்களிடம் வழக்கமான ஒரு வசனம் உண்டு. "இருந்த திறமைக்கு எங்கேயோ போயிருக்க வேண்டியவர்; எல்லாவற்றையும் வீணாக்கிவிட்டார்." கிராமத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் எனக்கு இது புதிய வசனமல்ல. ஆசிரியர் ஓய்வறையில் தவணைக்குத் தவணை காதில் விழுவதுதான். ஓர் அனுதாப வார்த்தைபோல அது ஒலித்தாலும் உள்ளே ஒரு தீர்ப்பு இருக்கிறது. வீணாக்கினான் என்றால், எவருடைய பொருளை வீணாக்கினான்? தன்னுடையதையா, நம்முடையதையா? திறமையோடு பிறந்தவன் அதைக் கடைசிவரை செலவழித்தே தீரவேண்டும் என்று ஒரு கடமை உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் குத்துச்சண்டையைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம். பாடகன் தன் குரலை முழுதாகப் பயன்படுத்தினால் உலகத்துக்கு இசை கிடைக்கிறது. அவனுக்கும் பெரிய நட்டமில்லை. குத்துச்சண்டைக்காரனோ தன் திறமையை முழுதாகப் பயன்படுத்துவதற்குத் தன் மூளையையே பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. தலையில் தொடர்ந்து அடிவாங்கியவர்களின் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டிவிட்டார்.

எட்டவேண்டிய இடத்தை எட்டாதவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். சிலருக்குக் கதவு வெளியிலிருந்து மூடப்பட்டது. மெக்சிக்கோவின் சல்வடோர் சாஞ்செஸ் உலக சம்பியனாக இருந்தபோதே, 1982 ஆகஸ்ட் மாதம், 23 வயதில் கார் விபத்தில் இறந்துபோனார். அமெரிக்கரான ஜெரால்ட் மெக்லெலன் 1995 பெப்ரவரியில் லண்டனில் நைஜல் பென்னுடன் மோதியபோது மூளையில் இரத்தம் கட்டி, பார்வையை இழந்தார். அதன்பின் அவரைப் பராமரித்தவர்கள் அவருடைய சகோதரிகள். வியட்நாம் போருக்காக இராணுவத்தில் சேர மறுத்த முஹம்மத் அலிக்கு 1967 முதல் 1970 வரை மூன்றரை வருடங்கள் மேடை மறுக்கப்பட்டது. ஒரு வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் 25 வயதிலிருந்து 28 வயது வரையான காலம் அது. மனச்சாட்சிக்காக அந்த வருடங்களை விட்டுக்கொடுத்தவரைப் பார்த்து வீணாக்கினார் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

இன்னொரு வகையும் உண்டு. டெக்ஸாஸ் மாநிலத்தின் டோனி அயாலா 22 போட்டிகளில் ஆடி 22இலும் வென்றவர். உலகப் பட்டத்துக்கான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. 1983ஆம் ஆண்டின் முதல் நாள், தம் 19 வயதில், அயல்வீட்டுப் பெண்ணொருவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய குற்றத்தில் கைதானார். 16 வருடங்கள் சிறையிலிருந்து 1999இல் வெளியே வந்தார். "எப்பேர்ப்பட்ட திறமை வீணாகிப் போயிற்று" என்று அவரைப் பற்றியும் சொல்லப்படுவதுண்டு. இவ்விடத்தில்தான் அந்த வசனம் எனக்குக் கசக்கிறது. அன்றைய இரவில் பாழானது ஒரு பெண்ணின் வாழ்வு. அதைப் பின்தள்ளிவிட்டு, நாம் பார்த்திருக்கக்கூடிய போட்டிகளுக்காகப் பெருமூச்சு விடுகிறோம். திறமையைப் பெரிதாக்கிப் பேசும்போது மனிதர்கள் சிறிதாகிப்போகும் ஆபத்து இருக்கிறது.

மூன்றாம் வகையினர் தாமே நின்றுகொண்டவர்கள். கியூபாவின் தியோபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் அதிபாரப் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றவர். முஹம்மத் அலியோடு மோத வரும்படி இலட்சக்கணக்கான டொலர்களை அமெரிக்க முகவர்கள் நீட்டினார்கள். தம் மக்களின் அன்புக்கு முன்னே அந்தப் பணம் பெரிதல்ல என்ற கருத்தில் பதில் சொல்லி அவர் மறுத்தார். கியூபாவில் தொழில்முறை விளையாட்டு தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. போவதென்றால் நாட்டைத் துறந்துதான் போகவேண்டும். ஆகவே அது முழுச் சுதந்திரத்தோடு எடுத்த முடிவா என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால், தொழில்முறைப் பட்டம் இல்லாததால் அவர் வாழ்வு அரைகுறை என்று சொல்வது வேறு விடயம். அது அவர் ஏற்றுக்கொள்ளாத தராசில் அவரை நிறுப்பதாகும். 2012இல் ஹவானாவில் அவர் இறந்தபோது ஒரு நாடே அவரை அறிந்திருந்தது.

யெமன் நாட்டுப் பெற்றோருக்கு இங்கிலாந்தின் ஷெபீல்டில் பிறந்த நஸீம் ஹமீத் 37 போட்டிகளில் 36ஐ வென்றவர். 2001 ஏப்ரலில் மார்க்கோ அன்டோனியோ பரேராவிடம் தோற்று, 2002இல் இன்னுமொரு போட்டியில் வென்று, 28 வயதில் நின்றுவிட்டார். இன்னும் பத்து வருடம் ஆடியிருக்கலாம் என்பவர்கள், கடைசிவரை ஆடிய அலியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1980இல் லரி ஹோம்ஸிடம் அலி வாங்கிய அடி பார்க்கச் சகிக்காதது. 1981இல் இறுதிப் போட்டி. 1984இல் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அடிகளுக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி வாதங்கள் உண்டு. ஆனால் அலியின் கடைசிப் போட்டிகள் அவருக்கு எதையும் கூட்டவில்லை என்பதில் வாதமில்லை.

தத்துவவாதி கான்ட் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலொன்றில், திறமையைத் துருப்பிடிக்க விட்டு இன்பத்தில் காலம் கழிப்பவனை உதாரணமாக எடுத்து, தன்னை வளர்த்துக்கொள்வது மனிதனுக்குக் கடமை என்கிறார். ஆசிரியன் என்ற வகையில் நான் அதை ஒத்துக்கொள்கிறேன். ஆயினும் இரண்டு நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. அந்தக் கடமை அவன் தனக்கே செலுத்துவது, பார்வையாளருக்கு அல்ல. மேலும், எந்தத் திறமையை எவ்வளவு தூரம் வளர்ப்பது என்பதில் அது இடம் விட்டு வைக்கிறது. கையை வளர்ப்பதற்காகத் தலையைக் கொடு என்று அது கேட்பதில்லை.

அப்படியானால் கண்டிக்கவே ஒன்றும் இல்லையா? இருக்கிறது. ஜேம்ஸ் டக்ளஸைப் பாருங்கள். 1990 பெப்ரவரி 11ஆம் திகதி டோக்கியோவில், அதுவரை தோல்வியே காணாத மைக் டைசனைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தினார். பந்தயக்காரர்கள் அவருக்குக் கொடுத்திருந்த விகிதம் 42க்கு 1. தாயார் மௌத்தாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதே டக்ளஸ் ஒக்டோபரில் இவாண்டர் ஹோலிபீல்டை எதிர்கொள்ள வந்தபோது எடை 246 இறாத்தல். டோக்கியோவில் இருந்ததைவிடப் பதினான்கு இறாத்தலுக்கு மேல் அதிகம். மூன்றாம் சுற்றில் விழுந்தார். அந்தப் போட்டிக்கு அவருக்குப் பேசப்பட்ட தொகை இரண்டு கோடி டொலருக்கு மேல்.

டக்ளஸ் டோக்கியோவோடு நின்றிருந்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஓர் இரவு மட்டும் உச்சியில் நின்றுவிட்டு இறங்குவதும் ஒருவனின் உரிமைதான். ஆனால் அவர் இன்னொரு போட்டிக்கு ஒப்பமிட்டார், கூலி பேசினார், ஆயத்தமில்லாமல் வந்தார். அங்கே ஒரு கடன் இருக்கிறது. அந்தக் கடன் திறமையால் வந்ததல்ல, வாக்கால் வந்தது. திறமை குறைந்த ஒருவன் அவ்வாறு வந்திருந்தாலும் அதே கடன்தான். எனக்குப் புலப்படும் எல்லைக்கோடு இதுதான்: மனிதன் ஏற்றுக்கொண்டவற்றுக்குக் கடன்பட்டவன், மற்றவர்கள் அவன்மீது வைத்த எதிர்பார்ப்புகளுக்கு அல்ல.

எங்கள் ஊரில் கணக்கில் கெட்டிக்காரனான பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதியதும் கொழும்பில் கடைக்குப் போகிறான். வீட்டில் குமர்ப்பிள்ளைகள் இருக்கிறார்கள், வாப்பாவுக்குச் சுகமில்லை. நல்ல மூளை, வீணாய்ப் போனான் என்று நாம் சொல்கிறோம். கதவை மூடியது யார் என்று கேட்பதில்லை. அவன் உழைப்பில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணுவதுமில்லை. அவன் தன் வீட்டுக்குக் கொடுத்த வாக்கை ஒவ்வொரு மாதமும் காப்பாற்றுகிறான். அதே நேரம், சம்பளத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டுப் பாடம் ஆயத்தப்படுத்தாமல் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியன் எவனும் இருந்தால், வீணாக்குதல் என்ற சொல்லை அவனுக்காக வைத்துக்கொள்ளலாம்.