பொதி வந்திருக்கிறதாம்

உங்கள் பெயருக்கு ஒரு பொதி வந்திருப்பதாகவும், விலாசத்தில் குறை இருப்பதால் அதனை ஒப்படைக்க முடியவில்லை என்றும், 24 மணித்தியாலத்துக்குள் கீழ்க்காணும் இணைப்பை அழுத்தி விலாசத்தைத் திருத்தி ஒரு சிறு கட்டணத்தைச் செலுத்தாவிட்டால் பொதி அனுப்பியவருக்கே திரும்பிவிடும் என்றும் கைத்தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. தபால் திணைக்களத்தின் பெயரில் வருகிறது. இணைப்பை அழுத்தினால் திணைக்களத்தின் சின்னம்கூடத் தெரிகிறது. வாசகரே, நீங்கள் எந்தப் பொதியையும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனாலும் அச்செய்தியை உடனே அழித்துவிட மனம் வருகிறதா?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு எளிதில் வராது. பாலையூற்றிலும் உவர்மலையிலும் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் மகன் கட்டாரில், தங்கை கனடாவில், மருமகன் லண்டனில் என்ற பேச்சுத்தான். நத்தாருக்கோ, பேரப்பிள்ளையின் முதல் நன்மைக்கோ சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெட்டியை அனுப்பிவிடுவது அவர்கள் வழக்கம். "சொன்னால் வேண்டாம் என்பீர்கள் அம்மா, அதுதான் சொல்லவில்லை" என்பார்கள். எதிர்பாராத பொதி என்பது நம் வீடுகளில் எப்போதும் எதிர்பார்க்கப்படுவது. மோசக்காரன் உங்கள் குடும்பக் கதையை அறிந்து எழுதவில்லை. எண்ணற்ற இலக்கங்களுக்கு ஒரே வசனத்தை வீசுகிறான். எங்கோ சில வீடுகளில் அது பொருந்திவிடுகிறது. வலை வீசுவதைக் கடற்கரை ஊராருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படியான செய்திகளைப் பற்றி நம் நாட்டுத் தபால் திணைக்களம் அண்மைய ஆண்டுகளில் பலமுறை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. குறுஞ்செய்தி மூலம் வங்கி அட்டை விபரங்களைத் தான் கேட்பதில்லை என்றும் சொல்லியிருக்கிறது. கேட்கப்படும் கட்டணம் மிகச் சிறியது என்பதே பலரை ஏமாற்றுகிறது. "இந்தச் சில ரூபாவுக்காக யார் களவெடுப்பான்?" என்று நினைக்கிறோம். அவனுக்கு வேண்டியது அந்தச் சில ரூபா அன்று. அதைச் செலுத்துவதற்காக நீங்கள் எழுதும் அட்டை இலக்கமும், அது காலாவதியாகும் திகதியும், பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்களும்தான் வேண்டும். நீங்கள் இங்கே எழுத எழுத அவன் அங்கே வேறொரு பெரிய கொள்வனவைச் செய்கிறான். அதற்கு வங்கி அனுப்பும் ஒருமுறை இரகசிய இலக்கம் உங்கள் தொலைபேசிக்கு வருகிறது; அதையும் நீங்களே அவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இவ்வளவும் இளைஞர்களுக்குத் தெரிந்ததே. நான் பேச வந்தது மனச்சாட்சியைப் பற்றி. நம்மிடையே நல்ல மனிதர் பலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, சந்தேகப்படுவதே ஒரு பாவம் போலத் தோன்றுகிறது. பிறரைத் தீர்ப்பிடாதீர்கள் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். கதவைத் தட்டியவருக்கு முதலில் கதிரை போட்டு, பின்புதான் யார் எவர் என்று விசாரித்தவர்கள். அவர்களிடம் போய், "இனி எவரையும் நம்பாதேயுங்கோ" என்று பிள்ளைகள் சொல்லும்போது, இத்தனை காலமும் வாழ்ந்த வாழ்வே மடமை என்று சொல்லப்பட்டதுபோல் உள்ளம் நோகிறது. அந்த நோவில் நியாயம் உண்டு. எவரையும் நம்பாத கிறிஸ்தவன் எப்படியிருப்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

1274 இல் மறைந்த புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பிலே, நீதியைப் பற்றி எழுதும் இடத்தில், இந்தச் சிக்கலை எடுத்து ஆராய்கிறார். ஒருவனைப் பற்றி உறுதியான சான்று இல்லாதபோது அவனை நல்லவனாகவே கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. அப்படிக் கொண்டால் பலமுறை ஏமாறலாமே என்று ஒரு மறுப்பையும் அவரே எழுப்புகிறார். தீயவனை நல்லவனென்று எண்ணிப் பலமுறை தவறுவது, நல்லவனைத் தீயவனென்று எண்ணிச் சிலமுறை தவறுவதைவிட மேலானது; ஏனெனில் இரண்டாவதில் ஒரு மனிதனுக்கு அநீதி நேர்கிறது என்பது அவர் தரும் விடை. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் புனிதர் அதே இடத்தில் மேலும் ஒரு பிரிவைக் காட்டுகிறார். மனிதரைப் பற்றித் தீர்ப்பிடுவது வேறு, பொருட்களைப் பற்றித் தீர்ப்பிடுவது வேறு. பொருளைத் தவறாக எடை போட்டால் பொருளுக்கு ஒரு நோவும் இல்லை. ஆகவே அங்கே தயவுக்கு வேலையில்லை, உள்ளதை உள்ளபடி அறிவதே கடமை. ஒரு தீமைக்கு மருந்து தேடும்போதோ, கெட்டதையே முன்வைத்து எண்ணுவது தகும் என்கிறார்.

குறுஞ்செய்தி ஒரு பொருள். பத்து ரூபா நாணயத்தைக் கல்லில் தட்டிப் பார்க்கும் கடைக்காரர் அதைத் தந்தவரைக் கள்வன் என்று சொல்லவில்லை. தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கும் தாய் தோட்டக்காரனைப் பழிக்கவில்லை. செய்தியைச் சோதிப்பதும் இவ்வாறே. அன்புக்கு விரோதமாக அதில் எதுவும் இல்லை.

நம் கொட்டியாரக் குடாவில் நடந்த ஒரு பழைய கதை இதை எனக்கு நன்கு விளக்குகிறது. 1659 ஆம் ஆண்டு மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் அதைப் புதுப்பிக்கவும் வியாபாரம் செய்யவும் இக்குடாவுக்கு வந்தது. கப்டன் றொபேட் நொக்ஸ். அவருடன் அதே பெயர் கொண்ட மகனும் வந்திருந்தான். கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் திசாவை ஒருவர் படையோடு வந்து, அரசரிடமிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, கரைக்கு வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று கப்பலுக்கு ஆள் அனுப்பினார். பாருங்கள், உங்களுக்கு ஒன்று வந்திருக்கிறது என்ற அதே வசனம்! பாய்மரமில்லாமல் அந்நியக் கரையில் நிற்பவனுக்கு அரசனின் கடிதத்தைவிட இனிய செய்தி வேறென்ன? கப்டன் அச்செய்திக்குப் பீரங்கி வெடித்து மரியாதை செய்தார். பின்னர் கரைக்குப் போனார். மூதூர்ப் பக்கத்திலே, ஒரு புளியமரத்தின் கீழ்ப் பிடிபட்டார். கடிதம் என்று எதுவும் இருக்கவில்லை. 1661 இல் சிறையிருப்பிலேயே அவர் இறந்தார். மகன் 1679 இல் தப்பி அரிப்பில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தான். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூலே இக்கதையை நமக்குத் தந்தது.

கப்டன் ஏமாந்ததைவிட அதன் பின் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. பிடிபட்ட கப்டனைக் கொண்டே கப்பலையும் பிடித்துவிடத் திசாவை முயன்றார். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரும்படி கப்டனின் பெயரால் சொல்லி அனுப்பப்பட்டது. கப்பலில் நின்றவர்களோ, இந்த விடயத்தில் கப்டன் சொன்னாலும் கீழ்ப்படியோம் என்று மறுத்துவிட்டார்கள். கப்பல் தப்பியது. அந்த மாலுமிகள் தங்கள் தலைவனுக்குத் துரோகம் செய்தார்களா? தலைவனை நம்பினார்கள், அவன் பெயரால் வந்த கட்டளையை நம்பவில்லை. அதேவேளை கப்பலுக்குச் செய்தியோடு அனுப்பப்பட்ட மகன், அங்கேயே நின்று தப்பியிருக்கக்கூடியவன், தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காகக் கரைக்குத் திரும்பினான். செய்தியை நம்பாமையும் மனிதருக்கு உண்மையாயிருப்பதும் ஒரே நாளில், ஒரே கப்பலில், ஒன்றையொன்று கெடுக்காமல் நின்றன.

இன்று இது எங்கள் வீடுகளுக்கும் வந்துவிட்டது. தம்பியின் சொந்த வாட்ஸ்அப் கணக்கிலிருந்தே, "அண்ணா, அவசரம், இந்தக் கணக்குக்குக் கொஞ்சம் காசு போடுங்கோ, பிறகு சொல்லுகிறேன்" என்று வருகிறது. பெயரும் படமும் அவனுடையவை. எழுதுகிறவனோ அக்கணக்கைக் களவாகக் கைப்பற்றியவன். இதை நம்ப மறுத்துத் தம்பியின் குரலைக் கேட்கும்வரை காத்திருக்கும் அண்ணன் தம்பியைச் சந்தேகிக்கவில்லை. அவனுடைய பெயரைக் காப்பாற்றுகிறான்.

எதிர்பாராத செய்தி என்றதும் நமக்கு நாசரேத்து வீடு நினைவுக்கு வராமல் போகுமா? விண்ணிலிருந்து வந்த செய்தியையே தேவ அன்னை கேட்டமாத்திரத்தில் ஏற்றுவிடவில்லை. அந்த வாழ்த்து எத்தகையதோ என்று கலங்கி யோசித்தார் என்றும், இது எவ்வாறு நிகழும் என்று கேட்டார் என்றும் புனித லூக்கா எழுதியிருக்கிறார். தூதர் அதற்காகக் கோபிக்கவில்லை. சக்கரியா கேட்டபோது வாய் கட்டப்பட்டதே என்று சிலர் வினவுவர். அவர் நம்ப மறுத்துக் கேட்டார். அன்னையோ கீழ்ப்படிவதற்காகவே கேட்டார். கேள்வி என்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. மேலும், கேட்காமலே தூதர் ஓர் அடையாளமும் கொடுத்தார்: முதிர்வயதான எலிசபெத்துக்கு இது ஆறாம் மாதம் என்றார். அன்னை அதைச் சோதிக்கவே மலைநாட்டுக்குப் போனார் என்று சொல்ல நான் துணியேன். உதவி செய்யவே போனார் என்றுதான் நாம் எப்போதும் தியானித்து வந்திருக்கிறோம். ஆனால் கொடுக்கப்பட்ட அடையாளம் எவரும் போய்க் கண்ணாரக் காணக்கூடியதாய் இருந்தது. 24 மணித்தியாலத்துக்குள் சம்மதியாவிட்டால் செய்தி திரும்பிவிடும் என்று கபிரியேல் சொல்லவுமில்லை.

ஆயினும் காத்திருந்து விசாரிப்பது எல்லா வேளைக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். 2004 டிசெம்பர் 26 ஐ நம் கரை மறக்காது. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராக் கடலில் பெரும் பூகம்பம் ஏற்பட்டபோது நம் கரையோரத்துக்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள், பேரலை வரவில்லை. ஓடியவர்களை யாராவது ஏமாளிகள் என்பார்களா? அங்கே காத்திருந்தால் போவது உயிர். பொதியில் காத்திருந்தால் போவது ஒரு நாள். நாளைக் காலை தபாற்கந்தோருக்குப் போய் விசாரித்தால் பொதி உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். செய்தி எதைக் கொடுக்கச் சொல்கிறது, தாமதித்தால் எது போகும் என்ற இரண்டையும் பார்த்தே நம் விவேகம் நடக்க வேண்டும். ஓடச் சொன்னால் ஓடலாம். அட்டையைத் தரச் சொன்னால் நிற்கலாம்.

இந்த மோசத்தில் பணமிழந்தவர் மட்டுமே பாதிக்கப்படுகிறார் என்று நான் எண்ணவில்லை. வெயிலிலும் மழையிலும் சைக்கிள் மிதித்து, பிறர் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுவந்து சேர்த்த தபாற்காரர்கள் பல தலைமுறைகளாகச் சேர்த்து வைத்த ஒரு நற்பெயர் இருக்கிறது. மோசக்காரன் முதலில் களவெடுப்பது அதை. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அவன் செய்தியை எவரும் திரும்பியும் பாரார். ஏழாம் கட்டளையையும் எட்டாம் கட்டளையையும் ஒரே வசனத்தில் மீறுகிறான். இதன் விளைவாக, உண்மையான அறிவித்தலையும் மக்கள் ஒதுக்கத் தொடங்குகிறார்கள். யாரோ ஒரு மகள் வெளிநாட்டில் உழைத்த காசில் வாங்கி அனுப்பிய பெட்டி, கேட்பாரற்றுக் கிடந்து திரும்பிப் போகவும் கூடும். இதை எந்தப் பொலிஸ் முறைப்பாட்டிலும் எழுத முடியாது.

இனி, ஏமாந்துபோனவரைப் பற்றி. 1893 இல் உருவான நம் மறைமாவட்டத்தைத் தொடக்க காலத்தில் பேணி வளர்த்தவர்கள் சேசு சபைக் குருக்கள். அவர்களுடைய தந்தை புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளில் பகைவனின் தந்திரங்களை விபரிக்கும்போது, கோட்டையைச் சுற்றிப் பார்த்துப் பலவீனமான பக்கத்தைத் தேடும் படைத்தலைவனுக்கு அவனை ஒப்பிடுகிறார். ஒரு குடும்பத்துப் பெண்ணை மயக்கிவிட்டு, இதைத் தகப்பனுக்குச் சொல்லிவிடாதே என்று கெஞ்சும் கயவனுக்கும் ஒப்பிடுகிறார். இரகசியம் வெளிப்பட்டால் அவன் காரியம் கெட்டுவிடும். பொதிச் செய்தியும் அவ்வாறே. வீட்டில் இன்னொருவருக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டால் அதன் வலிமையில் பாதி போய்விடும்.

ஆனால் யாருக்கு வாசித்துக் காட்டுவது? இங்கேதான் நம் குடும்பங்களை நாம் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தொலைபேசியில் ஏதாவது கேட்டால் எரிந்து விழும் மகனிடம் தாய் எதைக் கேட்பாள்? காசு போனது தெரிந்ததும், "உங்களுக்கு அறிவில்லையோ, எத்தனை தரம் சொன்னனாங்கள்" என்று தொடங்கும் வீட்டில், அடுத்த முறை அவள் வாயே திறக்க மாட்டாள். இன்னும் மோசம் என்னவென்றால், இந்த முறையே மறைத்துவிடுவாள். முதற் களவு நடந்த அன்றே வங்கிக்கு அறிவித்திருந்தால் அட்டையை முடக்கியிருப்பார்கள். வெட்கத்தால் அவள் மூன்று நாள் மௌனமாயிருந்தால் அந்த மூன்று நாளும் கணக்கு திறந்தே கிடக்கும். கள்வனுக்கு அந்த மூன்று நாளைக் கொடுத்தது அவளுடைய அறியாமை மட்டும்தானா?

அட்டையின் பின்புறத்தில் வங்கியின் தொலைபேசி இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். தாய் முகம் வெளிறி வந்து நிற்கும்போது, "அட்டை எங்கே அம்மா, கொண்டு வாங்கோ" என்று கேட்டு, அந்த இலக்கத்தை உடனே அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு பொலிசுக்குப் போகலாம். அதற்கும் பிறகு ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்து, என்ன நடந்தது என்று ஆறுதலாகக் கேட்கலாம்.