வாடகைக் கணக்கும் மறுமைக் கணக்கும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார் தோழர்கள் மீதும் உண்டாவதாக.

 

தொழுகை, நோன்பு, ஜக்காத்தைப் பற்றி எழுதாமல் வீட்டு வாடகையைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று எண்ண வேண்டாம். அல்லாஹுத் தஆலா அடியார்களுக்குச் செய்துள்ள உபகாரங்களை எண்ணிச் சொல்லும்போது, ஸூரத்துந் நஹ்லில் வீட்டையும் அவற்றுள் ஒன்றாகவே சொல்கிறான். மழைக்கு ஒதுங்கும் இடம் என்று சொல்லவில்லை. அமைதி கொள்ளும் இடம் என்று சொல்கிறான். அடுத்த மாதம் இந்தக் கூரை நமக்கு உண்டா இல்லையா என்ற கவலையோடு தலையணையில் தலை வைப்பவனுக்கு அந்த அமைதி எங்கிருந்து வரும்?

பினாங்கு டவுனில் கடை வைத்திருந்த பழைய குடும்பங்களுக்கு இது புதிய கதை அல்ல. 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை உயர்த்தவும் குடியிருப்போரை வெளியேற்றவும் தடை போட்டிருந்தது 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை நீக்குவதென்று 1997-ல் முடிவாயிற்று. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு அந்தப் பாதுகாப்பு அற்றுப்போயிற்று. நியாயத்தைச் சொல்லவேண்டுமானால், அந்தச் சட்டத்தில் குறைகள் இருந்தன. வீட்டுக்காரருக்கு வந்த வாடகையில் ஓடு மாற்றவும் முடியவில்லை. மொத்தமாக வீட்டை எடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விட்டு, வீட்டுக்காரரைவிட அதிகம் சம்பாதித்தவர்களும் உண்டு. அவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு குறையைத் தீர்க்கிறேன் என்று ஓட்டைப் பிரிப்பதற்குப் பதில் வீட்டையே பிரித்த கதையாக முடிந்தது.

என் அத்தாவின் மளிகைக் கடைக்கு மாத வாடகை 90 வெள்ளி. கீழே கடை, மேலே நாங்கள். 1999-ன் கடைசியில் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது: 1,200 வெள்ளி கொடு, இல்லாவிட்டால் சாவியைக் கொடு. அக்காலத்தில் வாடகைக் குடியிருப்பாளர்கள் ஒன்றுகூடிக் கூட்டங்கள் நடத்தினார்கள், மனுக்கள் கொடுத்தார்கள். அத்தாவையும் அழைத்தார்கள். "நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கேன் ஊர் வம்பு" என்று அத்தா போகவில்லை. எங்கள் வரிசையில் இருந்த மற்றக் கடைக்காரர்களும் போகவில்லை. ஒவ்வொருவரும் வீட்டுக்காரரைத் தனியாகப் பார்த்துப் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தார்கள். ஒருவருக்கும் சரிப்படவில்லை. நாங்கள் பட்டர்வொர்த்துக்குப் போனோம்.

2008-ல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் மல்லித்தூள் வாசம் வந்த வீடுகள் பலவற்றில் இன்று விடுதியும் காப்பிக்கடையும் நடக்கின்றன. அஞ்சடியில் நின்று படம் பிடிக்க ஆள் வருகிறது. மாடியில் குடியிருக்க ஆள் இல்லை.

நிற்க. வீட்டுக்காரரைக் குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. நானே வீட்டுக்காரன் ஆனபோது என்ன செய்தேன் என்பதையும் எழுதினால்தான் இது நேர்மையான பேச்சாகும்.

கடையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஜெலுத்தோங்கில் ஒரு சிறு வீடு வாங்கினேன். அதில் ஒரு லாத்தா, கணவரை இழந்தவர், தம் மகனோடு குடியிருந்தார். ஆப்பம் சுட்டுக் கடைகளுக்குப் போடுவார். ஒரு மாதம்கூட வாடகை பாக்கி வைத்ததில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் மூன்று மடங்கு வரும் என்று ஒரு தரகர் சொன்னார். கணக்குப் போட்டேன், சரியாகத்தான் இருந்தது. இரண்டு மாதத் தவணை கொடுத்தேன். லாத்தா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கடைசி நாள் தரையைக் கழுவிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தம்பி, தண்ணிக் குழாய் கொஞ்சம் ஒழுகுது, பார்த்துக்குங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். என் அத்தா சாவியைக் கொடுத்த நாள் அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலத்தின் மேல்தான் வந்தது.

பிறகு தேடிப் போனேன். மகன் வேறு ஊரில் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான்; அவர்களால் திரும்பி வர முடியவில்லை. அந்த வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் பழைய வாடகைக்கே இருக்கிறது. அதனால் அந்த லாத்தாவுக்குச் செய்தது இல்லையென்று ஆகிவிடாது.

வியாபாரிகளாகிய நமக்கு ஒரு பாவத்தின் பெயர் நன்றாகத் தெரியும்: பதுக்கல். விலை ஏறட்டும் என்று அரிசியை அடைத்து வைப்பவன் குற்றவாளி என்பது ஹதீஸ் ஷரீபின் கருத்து. நம் ஷாஃபியீ மத்ஹபின் இமாம்கள் இதை உணவுப் பொருளோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்பதையும் அறிவேன். நான் ஃபத்வாச் சொல்ல வந்தவன் அல்ல, ஆலிம்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மாடியைப் பூட்டி வைத்து, "இன்னும் இரண்டு வருஷம் போனால் நல்ல விலைக்குப் போகும்" என்று காத்திருக்கும் மனத்துக்கும், மூட்டையை அடுக்கி வைத்துக் காத்திருக்கும் மனத்துக்கும் என்ன வித்தியாசம் என்று என் மனத்தை நான் கேட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை.

ஹிஜ்ரத்தின்போது நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஹஜ்ரத் அபூ அய்யூபுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில்தான் தங்கினார்கள். அது மாடி வீடு. பார்க்க வருவோருக்கு வசதியாகக் கீழ்த்தளமே போதுமென்று நாயகம் அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஓரிரவு மாடியில் தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. ஒரு சொட்டும் கீழே இருப்பவர்கள் மீது விழுந்துவிடக் கூடாதே என்று அபூ அய்யூபும் அவர் மனைவியும் தங்களிடம் இருந்த ஒரே போர்வையைப் போட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். கீழே இருந்தவர்கள் அல்லாஹ்வின் தூதர், ஆகவே அந்த மரியாதை என்று சொல்லலாம். உண்மைதான். ஆயினும் அந்தத் தூதர் அப்போது சொந்த ஊரை விட்டு வந்த, சொந்த வீடில்லாத ஒரு முஹாஜிர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

வக்ஃபைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று ஹஜ்ரத் உமர் (ரலி) கேட்டபோது, மூலத்தை நிறுத்திப் பலனைத் தர்மம் செய்யும் வழியை நாயகம் (ஸல்) காட்டினார்கள். அந்த நிலம் விற்பனைக்கும் அல்ல, வாரிசுக்கும் அல்ல. நம் கப்பித்தான் பள்ளிக்கு 1801-ல் காதர் மைதீன் அவர்கள் கம்பெனியாரிடம் பெற்ற இடம் 18 ஏக்கர். சுற்றிலும் நம் மக்கள் குடியிருந்தார்கள். பாங்கு சொன்னால் நடந்து வந்து தொழுதார்கள். எந்த ஊரிலாயினும் வக்ஃபு நிலத்தில் புதுக் கட்டடம் வரும் திட்டத்தைக் கேள்விப்பட்டால், வருமானம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், ஜமாஅத்தில் உள்ள கூலிக்காரரும் கடைச் சிப்பந்தியும் அதில் குடியிருக்க முடியுமா என்றும் நாம் கேட்க வேண்டும். தொழுவதற்கு ஆளில்லாத பள்ளிக்குப் பளிங்குத் தரை எதற்கு?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நன்றியற்ற பேச்சு. மலிவு வீட்டுக்கு 1982-ல் 25,000 வெள்ளி என்று விலை வைத்தார்கள். 1998-ல் நகரங்களில் 42,000 ஆயிற்று. ஆனால் தினக்கூலிக்காரருக்கு அந்த விலைக்கும் பேங்கில் கடன் கிடைப்பது அரிது. அவருக்கு வேண்டியது நியாயமான வாடகை வீடு. மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாதம் 124 வெள்ளி என்று வைத்த வாடகை அப்படிப்பட்டது. ஆனால் வரிசையோ நீளமானது. இந்த வரிசையில் நிற்பவர்களுக்காகக் கேட்பதற்கு யாராவது வேண்டும் அல்லவா?

அரசியல் கட்சி இல்லாமல், சம்பாத்தியம் நோக்காமல், இப்படிக் கேட்கும் சங்கங்கள் நாட்டில் இருக்கின்றன. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நீண்டகாலம் தலைமை தாங்கி நடத்தி 2019-ல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்கள் நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளில் ஒருவர்தாம். பிழைக்க வந்தவன் பேசக்கூடாது என்று அவர் இருந்துவிடவில்லை. அவருடைய கபுரை அல்லாஹ் ஒளியாக்குவானாக.

ஆகவே சகோதரர்களே, இரண்டு காரியம் கேட்கிறேன். வாடகைக் குடியிருப்பாளர்கள் மனுக் கொண்டுவந்தால், கடைவாசலில் நிற்க வைத்து அனுப்பாமல் உட்காரச் சொல்லிப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கல்லாவில் இருப்பவனின் கையெழுத்துக்கு அதிகாரிகளிடம் கொஞ்சம் மதிப்பு உண்டு. இரண்டாவது, பூட்டிக் கிடக்கும் மாடியறை யாரிடமாவது இருந்தால், எவ்வளவு குறைத்து விட முடியும் என்று சங்கத்துக்குத் தெரிவியுங்கள். வீடு தேடும் குடும்பங்களின் பெயர்களும் வருகின்றன. இரண்டையும் எழுதி வைக்க ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். என் கடையில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. லுஹருக்குப் பிறகு வந்தால் நானே இருப்பேன்.

வஸ்ஸலாம்.