துப்பாக்கியின் மறுமுனை

பழைய பொருள்களைப் பற்றிப் பேசும்போது நம் குரலே மாறிவிடுகிறது. "அந்தக் காலத்துல செஞ்சது, ஒண்ணும் ஆகாது" என்று ஒரு வாஞ்சையோடு சொல்வோம். தையல் இயந்திரம், சைக்கிள், வானொலிப் பெட்டி போன்றவற்றில் இந்த வாஞ்சையால் யாருக்கும் கெடுதல் இல்லை. துப்பாக்கி விஷயத்திலும் இது செல்லுமா?

மலேசியாவில் துப்பாக்கி என்றதுமே போலீசும் பிரம்படியும்தான் நினைவுக்கு வரும். நான் சுட்டதில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் ஆட்டுப் பண்ணையில் வேலை செய்யும் நண்பன் ஒருவன்தான் இந்தக் கேள்வியை எனக்குள் போட்டான். அங்கே முயல் செல்லப்பிராணி இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்து விட்டது, பெருகி மேய்ச்சல் நிலத்தையே மொட்டையாக்கும் பீடையாகிவிட்டது. இரவில் விளக்கடித்துச் சுடுவார்கள். அந்த வேலைக்கு அவனுக்கு ஒரு ரைஃபிள் வேண்டும். செக் நாட்டுத் தயாரிப்பான சி.இஸட். 452 பழையது ஒன்று கைமாற்றாகக் கிடைக்கிறது. அதன் வாரிசான 457 கடையில் புதிதாக இருக்கிறது. "எதை எடுக்கட்டும் சொல்லுடா" என்று கேட்டான்.

இரண்டுமே போல்ட்டைக் கையால் திருகி இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் ரிம்ஃபயர் ரைஃபிள்கள். இந்த வகைத் தோட்டாவில் பித்தளைக் கூட்டின் அடி விளிம்பை ஊசி அடித்தால்தான் மருந்து பற்றும். இரண்டும் சுடுவது பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் என்ற தோட்டாவை. அது வந்தது 1887-ல். தோட்டாவின் அளவு அன்றிலிருந்து அப்படியேதான் இருக்கிறது, சுடும் கருவிதான் மாறிக்கொண்டே வருகிறது.

452-இன் வேர் 1950-களில் இருக்கிறது. அதை மெச்சுபவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதன் குழல் உடலோடு மரையிட்டு முடுக்கப்பட்டது. பலவற்றில் வால்நட் மரக்கட்டை. எளிய, உழைக்கக்கூடிய அமைப்பு. 457-இல் குழலை இரண்டு திருகாணிகளைத் தளர்த்திக் கழற்றி மாற்றிவிடலாம். போல்ட்டைத் தூக்கும் கோணம் 90 பாகையிலிருந்து 60 ஆகக் குறைந்திருக்கிறது. டிரிகரையும் நம் விருப்பப்படி சரிசெய்யலாம். ஒன்றில் அழகு கூடுதல், மற்றதில் வசதி கூடுதல். இதோடு நின்றிருந்தால் இது ரசனை சார்ந்த விஷயம், நான் கட்டுரை எழுத வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. 452-இல் சேஃப்டியை முன்னால் தள்ளினால் துப்பாக்கி சுடாது, பின்னால் இழுத்தால் சுடும். பெரும்பாலான ரைஃபிள்களில் இது நேரெதிர். 457-இல் நிறுவனமே இதைத் திருப்பிவிட்டது, முன்னால் தள்ளினால்தான் சுடும்.

நம் ஊர் சுவிட்சைக் கீழே அழுத்தினால் விளக்கு எரியும். அமெரிக்காவில் மேலே தள்ளினால் எரியும். இதில் எது சரி என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டு வழக்கமும் ஒரே வீட்டில் இருந்தால்தான் தொல்லை. நண்பனின் பண்ணையில் ஏற்கெனவே இரண்டு ரைஃபிள்கள் இருக்கின்றன. இரண்டிலும் முன்னால் தள்ளினால் சுடும். 452 வந்து சேர்ந்தால், தூக்கக் கலக்கத்தில், கையுறை போட்ட விரல் எந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்? பக்கத்தில் விளக்கு பிடித்துக்கொண்டு இன்னொருவர் நிற்கிறார். 452-இல் குறையில்லை, மற்ற இரண்டிலும் குறையில்லை. ஆபத்து இவற்றுக்கு நடுவில் இருக்கிறது.

நண்பன் விடவில்லை. "சுடத் தயாரானப்பதான் தோட்டா ஏத்தணும்னு இங்க சட்டமே மாதிரி சொல்லித் தர்றாங்க. அத ஒழுங்காச் செஞ்சா சேஃப்டி எந்தப் பக்கம் இருந்தா என்ன?" என்றான். வலுவான வாதம்தான். கவனம் என்பது மனிதனிடம் இருக்க வேண்டியது, அதைப் பொருளிடம் ஒப்படைத்துவிட்டால் மனிதன் மழுங்கிப்போவான் என்று பலரும் பயப்படுகிறார்கள். நானும் ஓரளவு அந்தப் பக்கம்தான். 457-இன் டிரிகரை மிக லேசாக வைத்துவிட்டுத் திணறும் புதியவருக்கு, அந்த வசதியே கெடுதல்.

ஆனால் விதிகள் நூறாவது இரவுக்கும் சேர்த்து எழுதப்பட்டவை. முதல் இரவில் எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். நற்பண்பு பழக்கத்தால் உருவாவது என்றார் அரிஸ்டாட்டில். அப்படியென்றால் பழக்கத்தைக் குழப்பும் கருவி, நல்ல மனிதனின் கையிலிருந்தும் அவன் நற்பண்பைக் கொஞ்சம் பறித்துக்கொள்கிறது. இதே நியாயம் எதிர்ப்பக்கமும் வெட்டும். முப்பது வருஷமாக 452 மட்டுமே பிடித்த ஒரு கிழவருக்கு 457-ஐக் கொடுத்து "இதுதான் பாதுகாப்பு" என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. அவர் கைக்குப் புதியதுதான் ஆபத்து. ஆகவே பழையதா புதியதா என்பதற்குத் தனியாக விடை இல்லை. எந்தக் கையில், எந்தத் துப்பாக்கிகளோடு சேர்ந்து, யார் பக்கத்தில் என்று கேட்டால்தான் விடை வரும்.

முயல்? அதைக் கொல்வது சரியா என்பது பெரிய கேள்வி, இரண்டு ரைஃபிளும் அதற்குப் பதில் சொல்லாது. ஆனால் கொல்வது என்று முடிவெடுத்த பிறகு, ஒரே குண்டில் முடிப்பது அந்த உயிருக்கு நாம் பட்ட கடன். 452-இன் சில வகைகளில் பின்பக்கக் குறிப்பானில் 200 மீட்டர் வரை எண்கள் பொறித்திருக்கும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். நண்பனோ ஐம்பது, அறுபது மீட்டருக்கு மேல் சுடுவதில்லை. தூரம் கூடினால் குண்டு தலையில் படாமல் வயிற்றில் படும், முயல் இழுத்துக்கொண்டே வளைக்குள் போய்ச் சாகும். அந்த எண்ணைப் பார்த்து மயங்குவது நாம், விலை கொடுப்பது அது.

வாஞ்சை எப்போதும் கட்டையைப் பிடித்திருப்பவனுடையது. வால்நட்டின் நிறமும் போல்ட்டின் வழுவழுப்பும் அவனுக்குத்தான் தெரியும். குழலுக்கு முன்னால் இருப்பவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் அதில் பங்கு இல்லை. ஒரு பொருள் தவறினால் யார் அடிபடுவாரோ, அவர் இருக்கும் இடத்திலிருந்து அதை மதிப்பிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழைய கார், பழைய மின்கம்பி, பழைய குடும்ப வழக்கம் என்று எதற்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

457-ஐயே வாங்கு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "452 ரொம்ப அழகுடா" என்று மட்டும் எழுதினான். அழகுதான், மறுக்கவில்லை. பண்ணையில் அது ஒன்றே ஒன்றாக இருந்து, அவன் ஒருவனே அதைத் தொடுபவனாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.