கத்தியைக் கண்டு கலங்காதே, கேள்வி கேள்!

பயமாக இருக்கிறதா தங்கையே? இருக்கட்டும். வயிற்றைத் திறக்கப்போகிறார்கள் என்று கேட்டும் நெஞ்சு படபடக்காத ஒருத்தியை எனக்குக் காட்டு, நான் கும்பிடுகிறேன். பயப்படுவதில் வெட்கம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பயத்தை வாய்க்குள் பூட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறாயே, அதுதான் உன்னைத் தின்கிறது. பூட்டை உடை! ஒவ்வொரு பயத்தையும் ஒரு கேள்வியாக்கு. அதை மருத்துவரின் மேசைமேல் வை. பதில் வந்ததும் பயம் பாதியாகிவிடும்; மீதிப் பாதியை நீயே சுமப்பாய். அந்தத் தெம்பு உனக்கு உண்டு.

எனக்கு ஏன் சிசேரியன்?

இதுதான் முதல் கேள்வி. கேட்கத் தயங்காதே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. எனவே நீ தனியாள் இல்லை. உன் தெருவிலேயே இதைக் கடந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். அதே சமயம், இவ்வளவு அதிகமாக நடக்கிறது என்பதாலேயே காரணம் கேட்கும் உரிமை உனக்கு இரட்டிப்பாகிறது.

நச்சுக்கொடி கீழே ஒட்டி வளர்ந்து கருப்பை வாயை மூடியிருக்கலாம். குழந்தை குறுக்கே கிடக்கலாம். அதன் இதயத்துடிப்பு தடுமாறலாம். இவையெல்லாம் கத்தியை எடுத்தே ஆக வேண்டிய காரணங்கள். அப்போது ஒரு நொடியும் தயங்காதே. ஆனால் "கொடி சுத்தியிருக்கு" என்பது மட்டும் காரணமாகச் சொல்லப்பட்டால், "வேறென்ன காரணம் டாக்டர்?" என்று நிமிர்ந்து கேள். கழுத்தில் கொடி சுற்றிய எத்தனையோ குழந்தைகள் சுகப்பிரசவத்தில் பிறக்கின்றன.

"நல்ல நேரம் குறித்தாச்சு, அதற்குள் எடுத்துவிடுங்கள்" என்று வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாங்கத்தோடு வந்தால், அங்கும் உன் குரல் எழட்டும். மருத்துவக் காரணம் இல்லாதபோது 39 வாரம் நிறையும் முன் எடுத்தால், பிள்ளை மூச்சுக்குத் திணறும் ஆபத்து கூடுகிறது. பிள்ளையின் நுரையீரல் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை என்று சொல்!

அறுவை மேசையில் என்ன நடக்கும்?

உடம்பு மரத்துப்போக முதுகில் போடும் ஊசியைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது. "அந்த ஊசி போட்டதிலிருந்து இடுப்பு நிமிரவே இல்லை" என்று ஒவ்வொரு திண்ணையிலும் ஒருவர் சொல்வார். கேட்டுக்கொள். தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழேதான் இறங்குகிறது. சுகப்பிரசவமானவளுக்கும் இடுப்பு வலிக்கிறதே, அவளுக்கு யார் ஊசி போட்டது? பத்து மாதச் சுமை, தளர்ந்த தசை, குனிந்தபடியே பால் கொடுப்பது எல்லாம் சேர்ந்த வலி அது. சிலருக்கு ஊசிக்குப் பின் தலைவலி வரும். சொன்னால் அதற்கு வைத்தியம் உண்டு.

வெட்டும்போது வலிக்குமா? மரத்துவிட்டதா என்று சோதித்துப் பார்த்த பிறகே கத்தியைத் தொடுவார்கள். இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், உடம்பு நடுங்கும், குமட்டும், இவை வரக்கூடியவைதான். கூர்மையான வலி தெரியக்கூடாது. தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே, வாய்விட்டுச் சொல்! மயக்க மருத்துவர் உன் தலைமாட்டில் நிற்பதே அதைக் கேட்கத்தான்.

கீறல் பெரும்பாலும் அடிவயிற்றில் குறுக்காக, ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கும். வயிற்றுத் தசையை வெட்டாமல் விலக்கிவிட்டுத்தான் பொதுவாக உள்ளே போகிறார்கள். சிக்கல் இல்லையென்றால் சில நிமிடங்களில் பிள்ளையின் அழுகுரல் கேட்டுவிடும். மிச்ச நேரமெல்லாம் ஒவ்வோர் அடுக்காகத் தைப்பதற்கு.

உனக்கு முன்னால் படுத்தவர்கள்

1826இல் கேப் டவுனில் ஜேம்ஸ் பேரி என்ற ராணுவ மருத்துவர் ஒரு பெண்ணுக்குச் சிசேரியன் செய்தார். ஈதர் மயக்கம் உலகுக்குத் தெரியவந்தது 1846இல். அப்படியானால் அந்தத் தாய் எதைத் தாங்கினாள் என்று எண்ணிப் பார்! அவளும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தக் காலத்தில் அது அதிசயம். ஏனென்றால் வெட்டிய கருப்பையைத் தைக்காமலேயே விட்டுவிடும் வழக்கம் இருந்தது. ரத்தப்போக்கிலும் சீழிலும் தாய்மார்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். கருப்பையைத் தைத்தே ஆக வேண்டும் என்று ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர் 1882இல் நிறுவினார். முதுகுத்தண்டு ஊசியை 1898இல் ஆகஸ்ட் பியர் செய்து காட்டினார். பிறகு ரத்த வங்கி வந்தது, பெனிசிலின் வந்தது.

இது இன்றும் பெரிய அறுவைதான். ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, காலில் ரத்தம் உறைவது, அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்வது என்று ஆபத்துகள் உண்டு. மறைக்க மாட்டேன். ஆனால் ஒவ்வோர் ஆபத்துக்கும் எதிரே ஒரு கருவியும் ஒரு மருந்தும் கண்விழித்து நிற்கும் ஒரு மனிதரும் இருக்கிறார்கள். அந்தப் பழைய தாய்க்குக் கிடைக்காத படை உன்னைச் சுற்றி நிற்கிறது. தலை நிமிர்ந்து படு!

ஊர் வாய்க்குப் பதில்

"கத்தி படாமப் பெத்தவடி நான்" என்று ஓர் அத்தை பெருமை பேசுவார். பேசட்டும். அது அவர் பட்ட பாடு, மரியாதை கொடு. நீயோ தையல் போட்ட வயிற்றோடு மறுநாளே எழுந்து நடந்து, பிள்ளையைத் தூக்கி மாரோடு அணைக்கப் போகிறவள். இதில் எது குறைச்சல்? பிள்ளை எந்த வழியாக வந்தது என்று எந்தப் பள்ளிக்கூடமும் விண்ணப்பத்தில் கேட்பதில்லை!

"ஆபரேஷன் பண்ணினா பால் வராது" என்பார்கள். நச்சுக்கொடி வெளியேறியதும் பால் சுரக்கச் சொல்லி உடம்புக்கு உத்தரவு போகிறது. பிள்ளை வந்த வழியை அது கேட்பதில்லை. ஓரிரு நாள் தாமதமாகலாம், அவ்வளவே. முதல் மணி நேரத்திலேயே பிள்ளையை மார்பில் போடச் சொல்லிக் கேள். சீம்பால் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

"தண்ணி குடிச்சா தையல் சீழ் வைக்கும்" என்பார்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீரைத் தடுப்பது பத்தியமல்ல, கொடுமை. மருத்துவர் அனுமதித்ததும் தாகம் தீரக் குடி, பருப்பும் கீரையும் முட்டையும் சாப்பிடு.

"இனிமே எப்பவுமே சிசேரியன்தான்" என்பார்கள். குறுக்குக் கீறல் உள்ள, வேறு சிக்கல் இல்லாத பெண்கள், வசதியுள்ள மருத்துவமனையில் முயலும்போது பத்தில் ஏழு பேர் அளவுக்கு அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெறுகிறார்கள். கருப்பையில் எந்தக் கீறல் என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்து.

பணத்தை நினைத்துப் பயமா? 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் சிசேரியனும் மருந்தும் ஏழு நாள் வரை சாப்பாடும் இலவசம். அது பிச்சையில்லை, உன் உரிமை.

வீட்டுக்கு வந்த பிறகும் வாயைத் திற

காய்ச்சல், தையலில் சீழ், நாற்றம், துணி நனைந்து கொட்டும் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் எது வந்தாலும் "பிரசவம்னா இப்படித்தான்" என்று எவர் சொன்னாலும் கேட்காதே. உடனே மருத்துவமனைக்குக் கிளம்பு. உடம்பு தேறியும் மனசு தேறாமல் அழுகை அழுகையாக வந்தால், இப்போதே பயம் தூக்கத்தையும் சோற்றையும் பறித்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழை. தமிழில் பேசலாம், காசு கிடையாது. பேசுவது பலவீனம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஒருநாளும் அந்த மேசையில் படுத்ததில்லை.

இன்று ராத்திரி ஒரு நோட்டை எடு. உன் பயங்களை வரிசையாக எழுது. "செத்துவிடுவேனோ" என்பதையும் எழுது, கூசாதே. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்விக்குறி போடு. அடுத்த செக்கப்புக்குக் கணவனையும் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேள். மருத்துவர் அவசரப்பட்டால் நீ அவசரப்படாதே. அறுக்கப்படுவது உன் வயிறு, பிறக்கப்போவது உன் பிள்ளை. கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்வரை அந்த நாற்காலியை விட்டு எழாதே!