பொதுப்பணமும் ஈகையும்: பெர்காவ் அணை எழுப்பிய அறக்கேள்வி

ஒருவர் தாம் உழைத்து ஈட்டியதை வறியவருக்குக் கொடுக்கும்போது, அந்தக் கொடையின் அறம் கொடுப்பவர் மனத்தோடும் பெறுபவர் தேவையோடும் நிறைவுபெறுகிறது. அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமை மூன்றாமவர் எவருக்கும் இல்லை. திருக்குறளில் ஈகை என்னும் அதிகாரம் பொருட்பாலில் அன்றி அறத்துப்பாலின் இல்லறவியலில் இடம்பெற்றிருப்பது, தன் பொருளைத் தருவதற்கும் பொதுப்பொருளைத் தருவதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது. செல்வ நாடுகள் வளரும் நாடுகளுக்கு மானியமாகவும் குறைந்த வட்டிக் கடனாகவும் வழங்கும் வளர்ச்சி உதவி இரண்டாம் வகையைச் சார்ந்தது. அங்கே கையொப்பமிடும் அமைச்சர் வழங்குவது குடிமக்கள் செலுத்திய வரிப்பணம் என்பதால், அவர் வள்ளல் அல்லர். கோயில் சொத்தைக் காக்கும் அறங்காவலரைப் போன்றவர்.

இந்த வேறுபாடு மறக்கப்படும்போது என்ன நேரும் என்பதை மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் பிரிட்டிஷ் உதவியுடன் கட்டப்பட்ட பெர்காவ் நீர்மின் அணையின் வரலாறு காட்டுகிறது. 1988 மார்ச்சில் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் மலேசியாவுடன் கையொப்பமிட்ட ஆவணம், ஆயுத விற்பனையையும் வளர்ச்சி உதவியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. அந்த முடிச்சு முறைப்படி அவிழ்க்கப்பட்ட பின்னரும், அணைக்கு 23.4 கோடி பவுண்டு வழங்கும் உறுதி நீடித்தது. எரிவாயு மின்நிலையங்களோடு ஒப்பிட்டால் இந்த அணையின் மின்சாரம் செலவு மிகுந்தது என்று பிரிட்டனின் வெளிநாட்டு உதவித் துறையின் பொருளியலாளர்களே கணித்திருந்தனர். அத்துறையின் நிரந்தரச் செயலரும் கணக்குகளுக்குப் பொறுப்பான அதிகாரியுமான டிம் லங்கெஸ்டர் 1991இல் இச்செலவுக்கு உடன்பட மறுத்தார். வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் எழுத்து வடிவில் ஆணையிட்டுப் பணத்தை விடுவித்தார்.

அமைச்சரின் விருப்பத்துக்கு அதிகாரி உடன்படாதபோது ஆணை எழுத்தில் அமைய வேண்டும் என்ற சிறிய நடைமுறை விதியே பொறுப்பு இன்னாருடையது என்பதைப் பதிவு செய்தது. 1993இல் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் இத்திட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும் வெளியுறவுக் குழுவும் விசாரித்தன. 1994 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளியல் நோக்கில் தகுதியற்ற இத்திட்டத்துக்குப் பணம் வழங்க 1980ஆம் ஆண்டின் உதவிச் சட்டம் இடந்தரவில்லை என்று தீர்ப்பளித்தது. 2002இல் இயற்றப்பட்ட பன்னாட்டு வளர்ச்சிச் சட்டம், வறுமைக் குறைப்பையே உதவியின் அளவுகோலாக நிறுவியது.

கணக்குக் கேட்பது கொடையின் மேன்மையைக் குறைக்கிறது என்று சிலர் கருதலாம். ஆனால் எந்தக் கொடையும் பெறுபவர் மேல் திருப்பித்தரும் கடப்பாட்டைச் சுமத்துகிறது என்று பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தம் கட்டுரையில் விளக்கினார். மறைவில் நடக்கும் அரசுக் கொடையில் அந்தக் கடப்பாடு ஆயுத ஒப்பந்தமாகவோ வணிகச் சலுகையாகவோ உருவெடுக்க இடமுண்டு. நாடாளுமன்றத்தின் மேற்பார்வை, அதாவது செலவின் நோக்கத்தையும் பயனையும் மக்கள் பிரதிநிதிகள் ஆராய்வது, கொடைக்குப் பின்னாலுள்ள எதிர்பார்ப்பை அவையின் முன் வைக்கிறது. ஆகவே அதை ஈகைக்குப் பகையாகக் கருதுவது பிழை. பொதுப்பணத்தில் ஈகை என்பது அதனால்தான் கூடும்.

எனினும் பெர்காவ் வரலாற்றில் ஓர் அறக்குறை எஞ்சுகிறது. லண்டனில் எழுந்த கேள்விகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வரிசெலுத்துவோரின் பணத்தைப் பற்றியவை. கூடுதல் விலையைத் தம் மின்கட்டணத்தில் சுமக்கக்கூடிய மலேசியக் குடும்பங்களுக்கு அந்தக் குழுக்களின் அறையில் இருக்கை இல்லை. அறங்காவலர் பொருளைத் தந்தவருக்கு மட்டுமன்றி, அது யாருக்காகத் தரப்பட்டதோ அவருக்கும் கடமைப்பட்டவர். எனவே தரும் நாட்டின் அவையில் கேட்கப்படும் கேள்வி, பெறும் நாட்டின் அவையிலும் அதே ஆவணங்களை முன்வைத்துக் கேட்கப்பட வேண்டும். அந்த இரண்டாம் கேள்விக்கு இடமில்லாத உதவி, கணக்கில் எவ்வளவு நேராக இருந்தாலும், பெறுபவரை இரவலராகவே நிறுத்துகிறது.